வறட்சியும் பஞ்சமும்: வட சிலாங்கூர்த் தோட்டங்கள் கூறும் காலநிலை வரலாறு

1. இரண்டு சொற்கள்

தமிழில் வறட்சி, பஞ்சம் என்பவை ஒருபொருட் சொற்கள் அல்ல. மழை பொய்த்து நிலம் காய்வது வறட்சி. உண்ணவும் வாழவும் வேண்டியவை கிட்டாமல் மக்கள் வாடுவது பஞ்சம். முன்னது வானத்தைப் பற்றியது. பின்னது மக்களைப் பற்றியது. மழை கொட்டும் நாளிலும் ஓர் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வரலாம். மழையே இல்லாத ஆண்டிலும் குதிர் நிறைந்த வீட்டில் பஞ்சம் புகுவதில்லை. வறட்சி பஞ்சமாக மாறும் வழியில் மனிதர் செய்தவையும் செய்யத் தவறியவையும் நிற்கின்றன.

காலநிலை மாற்றம் குறித்து இன்று உலக அரங்குகளில் நடைபெறும் உரையாடலின் மையமும் இந்த வேறுபாடே. ஐக்கிய நாடுகள் அமைப்பின் சார்பில் இயங்கும் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடைக் குழு, 2022ஆம் ஆண்டு அறிக்கையில், 330 கோடி முதல் 360 கோடி மக்கள் காலநிலை இடர்களுக்கு மிக எளிதில் ஆட்படும் சூழலில் வாழ்வதாகக் கணித்தது. 2010 முதல் 2020 வரை வெள்ளம், வறட்சி, புயல் ஆகியவற்றால் நேர்ந்த இறப்பு, மிக நலிந்த பகுதிகளில் நலிவு மிகக் குறைந்த பகுதிகளைக் காட்டிலும் 15 மடங்கு இருந்தது என்றும் அது கூறியது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு வானம் மட்டும் காரணமாக இருக்க இயலாது.

இடருக்கு எளிதில் ஆட்படும் இந்நிலையை இவ்வுரையில் நலிவுநிலை என்று குறிக்கிறேன். வளரும் நாடுகளின் நலிவுநிலை பிறவியிலேயே வந்த குறை அன்று. நில உரிமை, குடியிருப்பு, கூலி, அரசின் கவனம் ஆகியவற்றால் வரலாற்றில் ஆக்கப்பட்டது என்பதே இவ்வுரையின் கருத்து. அதற்குச் சான்றாகக் கோல சிலாங்கூரையும் அதனைச் சூழ்ந்த ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் ஆகிய வட்டாரங்களையும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே குடியேறிய தமிழரின் கதை வங்கக் கடலுக்கு அப்பால் தொடங்குவதால், முதலில் அங்குச் செல்ல வேண்டியுள்ளது.

2. தாது ஆண்டு

1876ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. 1877இல் பசிபிக் பெருங்கடலில் மிக வலிமையான எல் நினோ நிலவியது. தென்னிந்தியாவின் வறட்சி தொடர்ந்தது. தமிழ் ஆண்டுக் கணக்கில் தாது ஆண்டில் தொடங்கியதால் மக்கள் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றே அழைத்தனர். 1878 வரை நீடித்த அப்பெரும் பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு.

மழை தொடர்ந்து பொய்த்ததில் எல் நினோவுக்குப் பங்கு உண்டு. அத்தனை பேர் மாண்டது அதனால் மட்டும் அன்று. பஞ்சம் பரவிய காலத்திலும் இந்தியத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறுவது நிற்கவில்லை. நிவாரணச் செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இல் நிவாரணப் பணியாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என வரையறுத்தார். கடும் உடலுழைப்புக்கு அவ்வளவு உணவு போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். அதாவது, பஞ்சம் மனிதர் முடிவுகளாலும் ஆவது என்பதை அக்காலத்து அலுவலர் சிலரே அறிந்திருந்தனர். 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. அதன் வழியே பஞ்சகால நடைமுறைத் தொகுப்புகள் உருவாயின.

அதே ஆண்டுகளில் உலகின் வேறிடங்களில் நடந்த இரு நிகழ்ச்சிகளை இங்கு இணைத்துப் பார்க்க வேண்டும். 1876இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டு இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877இல் 22 இரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. தாது வருடப் பஞ்சமும் மலாயாவின் இரப்பரும் ஒரே காலத்தில் தொடங்கியவை. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும் அடுத்த அரை நூற்றாண்டில் அவை ஒன்றையொன்று தேடி வந்தன: நிலமற்ற மக்கள் ஒரு கரையில், ஆள் தேவைப்பட்ட தோட்டங்கள் மறு கரையில்.

கடல் கடந்த ஒவ்வொருவரையும் பஞ்சம் விரட்டியது என்று சொல்வது பிழையாகும். கடன், சாதிக் கொடுமை, குடும்பப் பிளவு, கங்காணியின் ஆசைமொழி எனக் காரணங்கள் பல. ஆயினும் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினம் வழியே கப்பலேறியோரில் மிகப் பலர் வானம் பார்த்த பூமியில் பிறர் நிலத்தை உழுதவர்கள். மழை தவறினால் நிலவுடையவன் ஒரு விளைச்சலை இழந்தான். உழவன் ஊரையே இழந்தான்.

மலாயாவில் இந்தியத் தொழிலாளருக்கான ஒப்பந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. 1907இல் தோற்றுவிக்கப்பட்ட குடியேற்ற நிதி, கங்காணி வழியாக வந்தோரின் பயணச் செலவை ஏற்றது. உதவிபெற்று வரும் அக்குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. இந்த மூன்று பத்தாண்டுகளில்தான் கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழ்ச் சமூகம் வேரூன்றியது.

3. வடிகாலின் இருமுகம்

சிலாங்கூரின் கடலோரம் அலையாத்திக் காடும் சதுப்புமாக இருந்த நிலம். அதில் மரம் நடுவதற்குமுன் நீரை வெளியேற்ற வேண்டும். ஆழமான வடிகால்கள் வெட்டப்பட்டன; கடலலை புகாதபடி கரைகள் எழுந்தன; வற்றில் திறந்து ஏற்றத்தில் மூடும் நீர்க்கதவுகள் அமைந்தன. அந்த மண்வேலையில் தமிழர், சீனர், சாவகர் எனப் பலரின் உழைப்பு புதைந்திருக்கிறது.

வடிகாலை வெறும் அழிவின் கருவியாகப் பார்ப்பது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. 1901இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், கடலோரத்தில் சதுப்பை வடித்துக் காட்டைத் திருத்தினால் மலேரியா குறைவதை நடைமுறையில் காட்டினார். ஆனால் குன்றுப்புறத் தோட்டங்களில் அதே முறை எதிர்விளைவைத் தந்தது. அங்கு நோயைப் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது; காட்டைத் திருத்தியது அதற்கு வாய்ப்பாயிற்று. 1911இல் வெளிவந்த அவரது மலேரியாத் தடுப்பு நூலின் பெரும்பயன் இதுவே: நிலத்தின் இயல்பறியாமல் ஒரே மருந்தை எங்கும் இடலாகாது.

அந்தப் பாடம் பின்னாளில் மறக்கப்பட்டது. கடலோரக் களிமண்ணுக்கு நன்மை செய்த வடிகால், உள்நாட்டில் மலாயர் காம்புட் என வழங்கும் கரிச்சதுப்பு நிலத்திலும் வெட்டப்பட்டது. மட்காத மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீருக்குள் படிந்து ஆன மண் அது. நீருள்ளவரை அது கரியைக் காக்கும். நீரை வடித்தால் காற்றுபட்டு மட்கும், கரிவளி வெளியேறும், ஆண்டுக்குச் சில செண்டிமீட்டர் அளவில் நிலமே தாழும். நிலம் தாழ்ந்தால் வடிகாலை மேலும் ஆழப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தினால் மேலும் தாழும். இறுதியில் மழைநாளில் வெள்ளமும் வெயில்நாளில் தீயும் அந்நிலத்தில் குடியேறுகின்றன.

இராஜா மூசா, சுங்கை காராங் வனக்காப்பகங்களை உள்ளடக்கிய வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காடு ஏறத்தாழ 80,000 எக்டர் பரப்புடையது. மேற்கே உள்ள நெல்வயல்களுக்கு நீர்த்தேக்கமாகவும் அது பயன்படுகிறது. வெட்டுமரத்தை மிதக்கவிட்டுக் கொண்டுசெல்ல அதனுள் தோண்டிய வாய்க்கால்களும், ஓரங்களில் நிகழ்ந்த ஆக்கிரமிப்பும் அதனை உலரச் செய்தன. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் தன்னார்வலரும் இராஜா மூசாவில் வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டு வருகின்றனர். வெட்டிய கையே அடைக்கவும் வேண்டியிருக்கிறது.

4. கூலியும் மழையும்

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியரால் அமைக்கப்பட்டது. அத்தோட்டத்தின் பெயர் தென்னமரம். செம்பனை உலகை ஆளத் தொடங்கிய இடத்தின் பெயர் தமிழ்ச் செவிக்குத் தென்னையை நினைவூட்டுவது மொழியியலாளர் கவனிக்கத்தக்கது. ஃபோகோனியர் பிற்காலத்தில் மலாயா வாழ்வை வைத்து எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. அத்தோட்டப்புறம் உலக இலக்கியத்திலும் உலக வணிகத்திலும் இடம்பெற்றது. அங்கு உழைத்தோர் வானிலையை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது அவ்வளவாகப் பதிவாகவில்லை.

பால்மரத் தொழில் வானத்தோடு கட்டுண்டது. பொழுது ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்கு ஊறும். பட்டை நனைந்திருந்தால் வெட்டலாகாது. பால் கோட்டில் ஓடாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிரும் காலத்தில் பால் குறையும். நாட்கூலியும் எடைக்கூலியும் இருந்த முறையில், வெட்டு இல்லாத நாள் கூலியில்லாத நாள். செம்பனைக்கும் அதே கட்டு உண்டு. ஆனால் அதன் கணக்கு மெல்ல வருகிறது. கடும் வறட்சியில் மரம் பெண்பூங்கொத்துகளைக் குறைத்து ஆண்பூங்கொத்துகளை மிகுதியாக ஈனும். ஆதலால் மழை திரும்பிப் பல மாதங்கள் கழித்தே குலை குறையும். அறுவடைக்காரரின் வருமானமும் அப்போது குறையும்.

நிறுவனத்துக்கும் இதில் இழப்பு உண்டு. ஆனால் நிறுவனத்துக்கு வேறு தோட்டங்கள், காப்பீடு, சேமிப்பு, விலையுயர்வு என்னும் தாங்கிகள் இருந்தன. தொழிலாளிக்கு இருந்த தாங்கி மளிகைக்கடைக் கடன் ஒன்றே. மழையின் இழப்பை யார் சுமப்பது என்பது வானிலைக் கேள்வி அன்று. கூலி ஒப்பந்தக் கேள்வி. நாட்கூலிக்கு மாற்றாக மாதச் சம்பளம் வேண்டும் எனத் தோட்டத் தொழிலாளர் நெடுங்காலம் போராடியதன் பொருள் இதுவே. 2013 சனவரி முதல் நாள் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியம் நடைமுறைக்கு வந்தது. எவரும் அதனைக் காலநிலை நடவடிக்கை என்று அழைக்கவில்லை. ஆயினும் மழைக்கும் பசிக்கும் இடையில் எழுப்பிய சுவர் அது.

குடியிருப்பும் அத்தகையதே. லயம் என்பது ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்து, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளைக் குறித்தது. அவ்வீட்டில் வாழும் உரிமை வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் வீடும் முடியும். சொந்த நிலமுடையவன் வெள்ளம் வடிந்தபின் வீட்டை உயர்த்திக் கட்டலாம். சான்றிதழைக் காட்டி இழப்பீடு கேட்கலாம். லயத்தில் வாழ்ந்தவர் மூன்று தலைமுறை இருந்தாலும் வீட்டைத் திருத்திக் கட்டும் உரிமை அற்றவர். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்நிலை வெளிப்பட்டது. அதற்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தொழிலாளரின் சிறுசேமிப்பைக் கொண்டு தோட்டங்களை வாங்கச் செய்தார். நிலம் இல்லாமையே நலிவின் வேர் என்பதை அந்த முயற்சி அறிந்திருந்தது. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியபோது வெளியேறிய பலர் நகரோரத்தில் மலிவான இடம் தேடினர். ஆற்றோரமும் தாழ்நிலமுமே பெரும்பாலும் மலிவான இடங்கள்.

5. புகை, குழாய்நீர், வெள்ளம்

இந்நூற்றாண்டில் இவ்வட்டாரம் கண்ட மூன்று நிகழ்ச்சிகள் இவ்வரலாற்றின் தொடர்ச்சி.

முதலாவது புகைமூட்டம். 2005 ஆகஸ்டு 11ஆம் நாள் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகையின் பெரும்பகுதி சுமத்திராவில் எரிந்த காடுகளிலிருந்தும் கரிச்சதுப்பிலிருந்தும் வந்தது. காற்றுக்கு எல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் கதவடைத்துக் குளிரூட்டிய அறையில் இருப்பதற்கும் வெளியில் குலை வெட்டுவதற்கும் இடையே எல்லை இருந்தது.

இரண்டாவது குழாய்நீர்த் தட்டுப்பாடு. சிலாங்கூர், கோலாலம்பூர் மக்கள் பருகும் நீரின் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. 2014 தொடக்கத்தில் நீடித்த வறட்சியால் அணையின் நீர்மட்டம் இறங்கி, பங்கீட்டு முறையில் நீர் வழங்கப்பட்டது. அப்போது பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து நீரை ஆற்றில் இறைத்தனர். முன்னோர் விட்டுச்சென்ற பள்ளங்கள் ஒரு தலைநகரத்தின் தாகத்துக்கு உதவ வேண்டியதாயிற்று.

மூன்றாவது வெள்ளம். 2021 டிசம்பர் 17 முதல் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கும் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தாழ்நிலங்களும் நீரில் மூழ்கின. மலேசியப் புள்ளியியல் துறை நாடளாவிய இழப்பை 610 கோடி ரிங்கிட் என்றும், அதில் சிலாங்கூரின் இழப்பை ஏறத்தாழ 310 கோடி ரிங்கிட் என்றும் கணக்கிட்டது. பண அளவில் பெரிய இழப்பு பெரிய சொத்துடையோருடையது. ஒரே மெத்தையும் ஒரே மோட்டார் சைக்கிளும் உடைய குடும்பத்தின் இழப்பு அக்கூட்டுத்தொகையில் சிறு பின்னம். அக்குடும்பத்துக்கோ அது முழுமை.

இவற்றோடு கடலும் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 செண்டிமீட்டர் உயர்ந்தது. ஒருபுறம் கடல் உயர, மறுபுறம் வடிந்த நிலம் தாழும் கடலோரத்தில் இது எளிய செய்தி அன்று. இவ்வுயர்வில் நம் தோட்டங்களுக்கும் ஒரு பங்குண்டு. 1920களில் உலக இரப்பரில் ஏறத்தாழப் பாதியை மலாயா தந்தது. அப்பால் டயராகி உலகின் தானுந்துகளைத் தாங்கியது. அவ்வுந்துகள் உமிழ்ந்த கரிவளியின் விளைவு, பால் வெட்டியவரின் பேரப்பிள்ளைகள் வாழும் கரையைத் தொடுகிறது.

6. அண்டைப் புலம்

நலிவுநிலை ஆக்கப்படுவது என்றால் அதனைக் குறைக்கவும் இயலும். அதற்குச் சான்று தொலைவில் இல்லை. சிலாங்கூர் ஆற்றுக்கு வடக்கே தஞ்சோங் காராங் முதல் செகிஞ்சான், சுங்கை பெசார் வரை விரியும் நெல்வயல்கள் அதே கடலோரத்தில், அதே மழையை நம்பி அமைந்தவை. 1932இல் வடிகால், நீர்ப்பாசனத் துறை தோற்றுவிக்கப்பட்டது. அப்பத்தாண்டிலேயே அங்குப் பாசனத்திட்டம் தொடங்கியது. பெர்ணம் ஆற்றின் நீர் தெங்கி ஆற்றின் வழியே திருப்பப்பட்டு வயல்களுக்கு வாய்க்கால் அமைந்தது. குடியேறியவர்க்கு நிலவுரிமை கிடைத்தது; பின்னாளில் மானியமும் விலை உறுதிப்பாடும் சேர்ந்தன. அங்கும் துன்பம் உண்டு. நீர் குறைந்த பருவத்தில் உழவர் கவலையுறுகின்றனர். ஆயினும் அவர்களைக் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது. அவர்தம் இழப்பு ஒரு பதிவேட்டில் ஏறுகிறது.

இந்த ஒப்பீடு ஓர் இனத்தாரைக் குறை கூறுவதற்கன்று. நிலவுரிமையும் பொதுப்பணியும் பதிவேடும் சேர்ந்தால் வளரும் நாடொன்று தன் மக்களை வானிலையிலிருந்து காக்க முடியும் என்பதை நம் மாவட்டமே மெய்ப்பித்திருக்கிறது. வயலுக்குச் செய்ததை லயத்துக்கும் செய்திருக்கலாம்.

1989இல் காமன்வெல்த் நாடுகள் லங்காவியில் சுற்றுச்சூழல் சாற்றுரையை வெளியிட்டன. 1992இல் இரியோவில் கையெழுத்தான காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு பொதுவானது, ஆனால் அளவில் வேறுபட்டது என்னும் கொள்கையை ஏற்றது. இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் 2022இல் எகிப்தில் முடிவுசெய்யப்பட்டு 2023இல் துபாயில் செயல்வடிவம் பெற்றது. செல்வ நாடுகளிடம் வளரும் நாடுகள் நீதி கேட்பது முறையே. அதே நீதியை ஒரு நாடு தன் எல்லைக்குள் தோட்டப்புறத்துக்கும் நகரோரத்துக்கும் அளிக்கிறதா என்னும் கேள்வியையும் அதனோடு சேர்த்தே கேட்க வேண்டும்.

7. நாம் செய்யக்கூடியது

இன்று வட சிலாங்கூர்த் தோட்டங்களில் தமிழர் குறைவு. வங்காளதேசம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோரே பெரும்பாலும் குலை வெட்டுகின்றனர். ஆற்றரிப்பாலும் உவர்நீராலும் விளைநிலத்தை இழந்துவரும் வட்டாரங்கள் வங்காளதேசத்தில் பல. அங்கிருந்து கடன்பட்டு வந்து, வேலையோடு பிணைந்த குடியிருப்பில் வாழும் ஓர் இளைஞனின் நிலை நம் முப்பாட்டனாரின் நிலைக்கு வெகு தொலைவில் இல்லை. முகவர் என்னும் பெயர் புதிது. கங்காணியின் கடன்கணக்கு பழையது. நம் வரலாற்றை அறிந்தவர்கள் அவரை அயலாராகக் காண்பது கடினம்.

மொழிக்கழகம் ஒன்றால் வெள்ளத்தைத் தடுக்க இயலாது. ஆனால் பதிவில்லாத துன்பத்துக்கு இழப்பீடும் இல்லை, திட்டமும் இல்லை என்பதை மேலே கண்டோம். பதிவு நம் பணி. தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவைக் குறித்துவைக்கும் வழக்கம் இருந்தது. நிருவாகம் கைமாறும்போது அவ்வேடுகள் எளிதில் தொலைந்துவிடும். எஞ்சியிருப்பவற்றைத் தேடிப் படியெடுத்தல் முதற்பணி. அவ்வேடுகள் மழை எத்தனை அங்குலம் என்று கூறும். அம்மழையில் அடுப்பு எரிந்ததா என்று கூறா. அதனைக் கூறக்கூடிய மூத்தோர் இன்னும் ஜெராமிலும் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் வாழ்கின்றனர். வெள்ளம், காய்ச்சல், வெட்டில்லா நாள், கடைக்கடன் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களையும் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்து, ஆண்டும் இடமும் குறித்துத் தொகுத்தல் இரண்டாம் பணி. ஏடும் வாய்மொழியும் அருகருகே வைக்கப்படும்போது, எந்த ஆண்டின் வறட்சி யாருடைய பஞ்சமாயிற்று என்பது தெளிவாகும். மாவட்டத்தின் வெள்ளத்தணிப்புத் திட்டமும் வீடமைப்புத் திட்டமும் வகுக்கப்படும் மேசைக்கு நாம் கொண்டுசெல்லத்தக்க ஆவணம் அதுவே. மூத்தோர் இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும் என்று இவ்வவையைக் கேட்டுக்கொள்கிறேன்.